எரிந்த மரத்தின் கீழ் நிற்காதீர்கள்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கச்சான் காற்றோடு வந்த தீ அணைந்துவிட்டது. லயத்துக்கு மேலே மானாப்புல்லை எரித்து, பைனஸ் காட்டுக்குள் புகுந்து, தேயிலை ஓரத்துச் சவுக்கு மரங்கள் வரை வந்து நின்றது. நெருப்போடு ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்கிறோம். போகவில்லை.

நேற்றே சிலர் விறகுக்குப் போய்விட்டார்கள். குறை சொல்லவில்லை. காஸ் விலை நமக்கும் தெரியும். ஆனால் எரிந்த மரத்தின் வேர் மண்ணுக்குள் நாட்கணக்காகப் புகையும். வெளியே மரம் நேராக நிற்கும். காற்றே இல்லாமல் சாயும். அடியில் குழி, சூடு, வெள்ளைச் சாம்பல், மேலே தொங்கும் கிளை, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விலகுங்கள். மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி நில்லுங்கள். புல் எரிந்த சரிவில் கல்லும் உருளும். பிள்ளைகளைக் குறுக்குப் பாதையால் பள்ளிக்கு அனுப்பாதீர்கள், ரோட்டால் வரட்டும்.

அடுத்தது, எந்த மரம் செத்தது? இலை பழுப்பானதை வைத்து முடிவு செய்ய முடியாது. வளர்ந்த பைனஸுக்குத் தடித்த பட்டை. உள்ளே உயிர் இருக்கலாம். யூக்கலிப்டஸ் கருகிய தண்டிலிருந்தே துளிர்க்கும். பட்டை மெல்லிய இளம் மரந்தான் சீக்கிரம் சாகும். பட்டையைக் கத்தியால் சிறிது சீவினால் உள்ளே ஈரமும் வெளிர் நிறமும் இருந்தால் உயிர். காய்ந்து பழுப்பாக இருந்தால் அந்தப் பக்கம் செத்தது. நான்கு பக்கமும் பார்க்கவேண்டும். இதைச் செய்யவேண்டியது, மரம் விழாது என்று உறுதி செய்த பிறகு, பழகிய ஆட்கள்.

இது ஏன் நமக்கு முக்கியம்? "எல்லாம் செத்துவிட்டது" என்று மொத்தமாக வெட்டினால், மண்ணைப் பிடித்திருக்கும் உயிர்வேரும் போய்விடும். செத்த வேர் சில வருடங்களில் உக்கும். எரிந்த மண் தண்ணீரையும் சரியாகக் குடிக்காது. ஐப்பசி மழை சாம்பலையும் மண்ணையும் கானுக்கும் பீலிக்கும் லயத்துக்கும் இறக்கும். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்தது தீயால் வந்ததல்ல. ஆனால் சரிவு இறங்கினால் லயம் என்னவாகும் என்பதை நாம் அங்கே பார்த்தோம்.

ஆகவே நிர்வாகத்திடம் எழுத்தில் மூன்று கேட்கிறோம்.

ஒன்று: பார்த்து முடியும்வரை எரிந்த மலைகளுக்குப் பெரட்டில் ஆள் பிரிக்கக்கூடாது. அந்த நாட்களுக்கும் பேர் போடவேண்டும்.

இரண்டு: வனத் திணைக்கள அதிகாரியோடு நமது கமிட்டி ஆளும் நடந்து, ஆபத்தான மரங்களுக்குப் பெயின்ட் அடையாளம் இடவேண்டும். அவை மட்டும் வெட்டப்படட்டும்.

மூன்று: மழைக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் லயத்துக்கு மேலுள்ள சரிவைப் பார்க்கவேண்டும்.

வேலையில் அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. விறகுக்குப் போய் அடிபட்டால் அந்தச் சட்டத்தைக் காட்டி நாம் வாதாடுவது கஷ்டம். மழை தொடங்கிய பிறகு சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, கலங்கிய ஊற்று, சாயும் மரம் கண்டால் விடியும்வரை காத்திராமல் வெளியேறி, 117க்கு அறிவியுங்கள்.

கடிதம் தயார். ஞாயிறு காலை கோயிலடியில் கையெழுத்து வாங்குகிறோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது வாருங்கள்.