தூக்கம் வருகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்

(லாரித் தொழிலில் காலடி வைக்கும் இளையோரைப் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர், இக்காலத்து இளைஞர்களிடம் உழைக்கும் குணம் குறைந்து விட்டது என்றார். சொந்தமாக லாரிகள் வைத்துத் தொழில் செய்பவர். அவருடைய வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. லைசென்ஸ் கைக்கு வந்த மூன்றாவது மாதமே வேலையை விட்டு விடுகிறார்கள். சம்பளம் போட்ட மறுநாள் கைப்பேசியை அடைத்து விடுகிறார்கள். ஒரு தம்பி லாரியைச் சாலையோரம் நிறுத்தி, சாவியை டயரின் மேல் வைத்து, அதைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் முதலாளிக்கு அனுப்பி விட்டு வீட்டுக்குப் போய் விட்டாராம். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன்.

ஆனால் அவர் சொன்ன இன்னொன்று என்னை உறுத்தியது. "நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் இரண்டு நாள் தூங்காமல் ஓட்டினோம்" என்றார். அவையில் கைதட்டல் எழுந்தது. அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். நானும் அப்படி ஓட்டியவன்தான்.

என் அப்பா பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டினார். விடிந்ததும் பள்ளிக்குப் போகும் எங்களை ஏற்றிச் செல்வார். அதன் பிறகு அதே லாரியில் செம்பனைக் குலைகள். தோட்டத்தில் கிராணிக்கு அடுத்த மரியாதை லாரிக்காரருக்குத்தான் என்று நாங்கள் நம்பிக் கொண்டிருந்தோம். அவர் ஒரு நாளும் இருட்டிய பிறகு லாரியை எடுத்ததில்லை. "குலை நாளைக்கும் இருக்கும்" என்பார். அதை அப்போது நான் சோம்பல் என்று நினைத்தேன்.

1993இல், எனக்கு 19 வயதாக இருந்தபோது, கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து கெலிண்டானாகச் சேர்ந்தேன். 21 வயது நிறைந்ததும் 'இ' லைசென்சும் சரக்கு வாகனத்துக்கான ஜிடிஎல்லும் எடுத்தேன். நல்ல காலம் அது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டிருந்தது. புக்கிட் காயூ ஹீத்தாமில் ஏறினால் ஜொகூர் பாருவில் இறங்கலாம், ஏறக்குறைய 770 கிலோமீட்டர். பழைய சாலையில் ஒரு நடை ஓடிய நேரத்தில் ஒன்றரை நடை ஓடலாம் என்று எங்களுக்குக் கணக்குச் சொன்னார்கள். சாலை நன்றாக ஆனதால் எங்கள் ஓய்வு கூடியிருக்க வேண்டும், நடைதான் கூடியது.

1997ஆம் ஆண்டு, தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. பிறையில் சரக்கு ஏற்றிக் கொண்டு கிள்ளானுக்குத் திரும்பிக் கொண்டிருந்தேன். அந்த வாரத்தில் அது எனக்கு நான்காவது நடை. தாப்பா ஓய்வுத் தளத்தில் தே தாரிக் குடித்தோம். என் கெலிண்டானுக்கு அப்போது 19 வயது. "அண்ணே, கண்ணு சிவந்திருக்கு, ஒரு மணி நேரம் படுத்துட்டுப் போவோமா?" என்று கேட்டான். "இன்னும் ரெண்டு மணி நேரந்தான்டா, வீட்டுல போய்ப் படுக்கலாம்" என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. நான் அண்ணன், அவன் தம்பி. பேசினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பான்.

சிலிம் ரீவரை நெருங்கும்போது நான் கண்ணயர்ந்து விட்டேன். எத்தனை விநாடி என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவசரத் தடத்தில் பழுதாகி நின்றிருந்த ஒரு லாரியின் பின்புறத்தில் போய் மோதினேன். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். மோதியது இடப்பக்கம், அவன் உட்கார்ந்திருந்த பக்கம். எனக்குக் கையில் ஒரு சிராய்ப்பு. அவனுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து விட்டார்கள்.

நீதிமன்றம் போனேன், அபராதம் கட்டினேன், அதெல்லாம் முடிந்தது. மருத்துவமனையில் அவனுடைய அம்மா என்னைத் திட்டுவார் என்று பயந்து கொண்டே போனேன். அவர் திட்டவில்லை. "நீயும் தூங்காமத்தான ஓட்டுன, பாவம்" என்றார். நான் கடுமையாக உழைத்ததாக அவர் நினைத்தார். அந்தப் பேச்சை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

அன்பர்களே, நம் சமுதாயத்தில் உழைப்பு என்றால் உடம்பை வருத்துவது என்று ஒரு பொருள் ஊறிப் போயிருக்கிறது. பால் மரத்தில் இருந்து வந்த பழக்கம் அது. கூடுதல் நிரை வெட்டியவன் நல்ல உழைப்பாளி, இருட்டோடு எழுந்தவன் நல்ல உழைப்பாளி. அதைக் குறை சொல்லவில்லை. மரம் வெட்டுகிறவர் களைத்துப் போனால் பால் குறையும். நாற்பது அடிக் கொள்கலனை இழுக்கிறவர் களைத்துப் போனால் முன்னால் போகும் மோட்டார் சைக்கிளில் இருப்பவர் வீடு திரும்ப மாட்டார். இந்நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள். தோட்டத்து அளவுகோலை எடுத்துக் கொண்டு நெடுஞ்சாலைக்கு வரக்கூடாது.

2025ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கற்களை ஏற்றி வந்த லாரி, கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனத்தோடு மோதி 9 பேர் உயிரிழந்தார்கள். விசாரணையில் வெளிவந்தவை ஸ்டியரிங் கோளாறும், அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றப்பட்ட சுமையும். அந்த வழக்கைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஸ்டியரிங் பழுதும் அதிகச் சுமையும் சாலையில் திடீரென்று பிறப்பவை அல்ல என்பதைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்வேன். லாரி புறப்படும் முன்பே அவை கொட்டகையிலும் ஏற்றுமிடத்திலும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கிற கடைசி ஆள் ஓட்டுநர். "இதை எடுக்க மாட்டேன்" என்று சொல்லக் கூடிய கடைசி ஆளும் அவரே.

சட்டமும் அவரைத்தான் பிடிக்கிறது. 2020இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தால் குறைந்தது 5 ஆண்டு, கூடினால் 10 ஆண்டு சிறை. அபராதம் 20,000 வெள்ளியில் இருந்து 50,000 வெள்ளி வரை. முதல் வேலைக்குப் போகும் 22 வயதுப் பையன் இதைத் தெரிந்து கொண்டுதான் சாவியை வாங்குகிறானா? வாங்குகிறவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்?

மேனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி ஈப்போ பக்கம் இறங்கும் சரிவு பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் அடிவாரத்தில் முன்பு ஜெலாப்பாங் சாவடி இருந்தது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக் கொண்டே வரும் கனரக வாகனங்களுக்குப் பிரேக் சூடேறி, சாவடிக்கு வரும் நேரத்தில் பிடிக்காமல் போய், விபத்துகள் நடந்தன. 2009இல் அந்தச் சாவடியையே அங்கிருந்து எடுத்து விட்டார்கள். சாவடியை எடுத்தார்கள், சரிவு அங்கேயேதான் இருக்கிறது. எந்தக் கியரில் மேடு ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்று எனக்கு ஒரு சீனக் கிழவர் சொல்லிக் கொடுத்தார். பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பத்து நிமிடத்தைப் பின்னால் வரும் கார்க்காரனின் ஹார்னுக்குப் பயந்து விட்டுக் கொடுக்கிறார்கள்.

இப்போது முதலாளிமார்களிடம் ஒரு வார்த்தை. நண்பர் கோபித்துக் கொள்ளக் கூடாது. ஒரு பையன் காலை ஆறு மணிக்கு வருகிறான். துறைமுகத்தில் வரிசையில் நிற்கிறான், கிடங்கில் இறக்க ஆளில்லை என்று காத்திருக்கிறான். மாலை ஐந்து மணி ஆகிறது. நடைக்குத்தான் காசு, காத்திருந்ததற்கு ஒரு காசு கிடையாது. பத்து மணி நேரம் வெயிலில் சும்மா உட்கார்ந்து விட்டு, அதன் பிறகுதான் அவனுக்குச் சம்பாதிக்கும் நேரமே தொடங்குகிறது, அதுவும் இரவில். அவன் வேகமாக ஓட்டாமல் என்ன செய்வான்? விழித்திருக்க மாத்திரை, சியாபு என்று எவனாவது கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்பான், மூன்றாவது தடவை என்ன சொல்வானோ! வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2025 அக்டோபரில் இருந்து கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. வரவேற்கிறேன். ஆனால் தூக்கத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை எந்தக் கடையில் வாங்கிப் பொருத்துவது? காத்திருக்கும் நேரத்துக்கும் காசு கொடுங்கள். மாதக் கடைசியில் கைப்பேசியை அடைக்கும் பையன்கள் குறைவார்கள்.

தம்பிகளே, உங்களையும் சும்மா விடப் போவதில்லை. ஓட்டிக் கொண்டே கைப்பேசியில் நேரலை போடுகிறவனை நான் ஓட்டுநர் என்று ஒப்புக் கொள்வதில்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லி விட்டுப் போங்கள். சாவியை டயர் மேல் வைத்து விட்டுப் போனால், உங்களுக்குப் பின் வேலை கேட்டுப் போகும் தமிழ்ப் பையனுக்கு அந்த வாசல் அடைபடும். சேரும்போதே இபிஎஃப், சொக்சோ பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. அன்று என் கெலிண்டானுக்கு அந்த நிறுவனத்தில் சொக்சோ பிடித்தம் இருந்ததால்தான் ஒரு பென்ஷனாவது கிடைத்தது.

இன்னும் ஒன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் மேற்பார்வையாளராக இருந்த இடத்தில், சேர்ந்து ஆறு வாரமே ஆன ஒரு பையன் லாரியை எடுக்க மறுத்தான். பின் டயரில் கம்பி தெரிகிறது என்றான். தவுக்கே கத்தினார். "இன்னிக்கு ஒரு நடை போய்ட்டு வா, நாளைக்கு மாத்தறேன்" என்றார். பையன் என்னைப் பார்த்தான். டயரை நானும் பார்த்தேன். கம்பி தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக் கடன், மகளின் படிப்பு, என் காரணங்கள் எனக்கு. அவன் சாவியை மேசையில் வைத்தான், வணக்கம் சொல்லி விட்டு நடந்து போய் விட்டான். அன்று மாலை அலுவலகத்தில் எல்லாரும் பேசிக் கொண்டார்கள், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு உழைக்கிற குணமே இல்ல" என்று. நானும் தலையாட்டினேன்.

நான் பார்த்த நல்ல லாரிக்காரர்களில் என் அப்பாவுக்கு அடுத்து அவனைத்தான் வைப்பேன். அவன் இப்போது சிங்கப்பூரில் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன். அடுத்த மாதமே நானும் அந்த வேலையை விட்டேன். ஆனால் ஒரு மாதம் தாமதமாக.

பெற்றோர்களே, மகன் லாரி ஓட்டப் போகிறேன் என்றால் தலையில் அடித்துக் கொள்ளாதீர்கள். கௌரவமான தொழில். நம் சாப்பாட்டு மேசைக்கு வரும் அரிசி முதல் ஆஸ்பத்திரி மருந்து வரை எல்லாம் லாரி ஏறித்தான் வருகிறது. "எப்போ வருவ?" என்று மட்டும் ஓட்டும்போது போன் போட்டுக் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி ஒரு காலை முடுக்கியின் மேல் அழுத்தும்.

இப்போது வேறொரு நிறுவனத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் நாள் வண்டி ஓட்டக் கொடுப்பதில்லை. சுற்றி வரச் சொல்வேன். சக்கர நட்டுகளைத் தட்டிப் பார்ப்பது, காற்றுத் தொட்டியில் தேங்கிய நீரை இறக்குவது, காற்று கசியும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது, கொள்கலனின் நான்கு மூலைப் பூட்டுகளையும் கையால் அசைத்துப் பார்ப்பது. பிறகு ஒரு பாடம். "அண்ணே, எனக்குத் தூக்கம் வருது, நிப்பாட்டுறேன்" என்று என் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லச் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். பாதிப் பேருக்கு முதல் தடவை குரலே எழும்பாது. நாலைந்து தடவை சொல்ல வைத்த பிறகுதான் விடுவேன்.

என் பழைய கெலிண்டான் இப்போது பந்திங்கில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். தீபாவளிக்குப் போவேன். அவன் மகனுக்கு இந்த ஆண்டு 21 ஆகிறது. "பெரியப்பா, நானும் 'இ' லைசென்ஸ் எடுக்கட்டா?" என்று கேட்டான். அவன் அப்பா என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிற திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு வருகிறான். டார்ச் விளக்கு கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.