வேலை கேட்டது போதும், வேலை கொடுக்க வாருங்கள்!

(செங்கல்பட்டில் மஃரிபுக்குப் பின் நடந்த இளைஞர் - வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே நீண்ட முன்னுரை வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2007ஆம் ஆண்டு நமக்கு 3.5 சதவிகித இட ஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக பஸ்ஸில் நின்றுகொண்டே சென்னைக்குப் போய், முழக்கமிட்டு, தொண்டை கட்டித் திரும்பியவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையை எவரும் குறைத்துப் பேச விடமாட்டோம். ஆனால் ஒன்றை நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். அந்தச் சட்டம் கல்லூரி வாசலிலும் அரசு அலுவலக வாசலிலும் செல்லும். மறைமலை நகர் ஆலை வாசலில் செல்லுமா? பரனூரில் 2002 முதல் நடந்துவரும் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி வாசலில் செல்லுமா? செல்லாது. நம் மாவட்டத்தில் வேலை பெருகியதெல்லாம் அந்த வாசல்களுக்கு உள்ளேதான். அங்கே சாதிச் சான்றிதழை நீட்ட முடியாது. கையில் தொழில் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

சரி, பெரிய ஆலை வந்துவிட்டால் நம் கவலை தீர்ந்ததா? மறைமலை நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டு கம்பெனி 1990களின் நடுவில் இங்கே வந்தது. 1999ல் ஐகான் கார் வெளிவந்தபோது ஊரே பெருமைப்பட்டது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். 2022ல் ஆலை நின்றது. 2,500க்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்களின் வாழ்க்கை ஒரே அறிவிப்பில் புரண்டது. ஒப்பந்தத் தொழிலாளர்கள், உதிரிபாகம் செய்து கொடுத்த பட்டறைகள், வாசலில் டீக்கடை வைத்திருந்தவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை.

2025 அக்டோபரில் அதே ஃபோர்டு அதே ஆலையில் என்ஜின் தயாரிப்பதற்குத் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. முதலீடு 3,250 கோடி ரூபாய். 2029ல் உற்பத்தி தொடங்குவதாகத் திட்டம். வரட்டும், வரவேற்போம். ஆனால் அவர்கள் சொன்ன நேரடி வேலைகள் எத்தனை? சுமார் 600. வியாபாரிகளே, வகுத்துப் பாருங்கள். ஒரு வேலைக்கு ஐந்து கோடிக்கு மேல் விழுகிறது! இன்றைய பெரிய ஆலை அப்படித்தான். இயந்திரம் அதிகம், ஆள் குறைவு. வாலிபர்கள் எல்லாரும் அந்த 600 பேரில் ஒருவராகிவிடலாம் என்று காத்திருந்தால் தாடி நரைத்துவிடும்.

அப்படியானால் ஆலை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் அதைச் சம்பளம் தரும் இடமாக மட்டும் பார்க்காதீர்கள். தொழில் படிக்கும் இடமாகப் பாருங்கள்.

வங்கதேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1970களின் கடைசியில் அந்த நாட்டின் ஆயத்த ஆடை ஏற்றுமதி ஏறக்குறைய ஒன்றுமில்லை. சிட்டகாங்கில் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற கம்பெனியை நூருல் காதர் என்பவர் தொடங்கினார். தென் கொரியாவின் தேவூ கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, 1979ல் சுமார் 130 பேரைக் கொரியாவுக்கு அனுப்பினார். ஆறு மாதம் தையல் மட்டுமா படித்தார்கள்? துணி வாங்குவது எப்படி, தரம் பார்ப்பது எப்படி, வெளிநாட்டு வியாபாரியிடம் ஆர்டர் பிடிப்பது எப்படி, எல்லாம் படித்தார்கள். திரும்பி வந்து சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் தேஷை விட்டு வெளியேறிவிட்டார்கள். சிலர் சொந்த ஆலை வைத்தார்கள். மற்றவர்கள் புதிதாக ஆலை வைத்தவர்களுக்குக் கை கொடுத்தார்கள். முதலாளிக்கு அது நஷ்டமாகத் தெரிந்திருக்கும். நாட்டுக்கு அதுதான் லாபம். இன்று அங்கே ஆயத்த ஆடைத் தொழிலில் சுமார் 40 லட்சம் பேர். ஏற்றுமதி ஆண்டுக்கு 3,500 கோடி டாலருக்கும் மேல். அரசும் சும்மா இருக்கவில்லை. இறக்குமதித் துணிக்குச் சுங்கம் கட்டாமல் ஆடையாக்கி ஏற்றுமதி செய்ய வழி செய்தது. ஏற்றுமதி ஆர்டரைக் காட்டித் துணியைக் கடனுக்கு வாங்க வழி செய்தது. பணமில்லாதவனும் ஆலை வைக்க முடிந்தது.

அதே நாட்டில்தான் 2013 ஏப்ரலில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் நசுங்கிச் செத்தார்கள். முதல்நாளே சுவரில் விரிசல் கண்டும் உள்ளே அனுப்பினார்கள். தனியார் துறை வளரட்டும் என்று நான் சொல்லும்போது இந்த அநியாயத்தையும் சேர்த்து ஏற்கச் சொல்லவில்லை. கூலி காயும் முன் கொடு, ஆளின் உயிரைக் காப்பாற்று. இது முடியாதவன் முதலாளியாக வேண்டாம்.

வங்கதேசம் தூரம் என்றால் மாமல்லபுரத்துக்கு வாருங்கள். ஐந்து ரதம் போகும் சாலையில் உளிச் சத்தம் காதைப் பிளக்கும். அவர்கள் செதுக்குவது நம் தொழில் அல்ல. ஆனால் தொழில் நடத்தும் முறையைப் பார்த்துக் கற்பதில் குற்றமில்லை. 1957ல் அரசு அங்கே ஒரு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. அது கல்லூரியாக வளர்ந்தது. அங்கே படித்தவர்களும், பரம்பரையாகத் தொழில் தெரிந்தவர்களும் சாலையோரத்தில் சொந்தப் பட்டறை போட்டார்கள். பட்டறைக்கு நாலு பேர், ஆறு பேர். அதில் ஒரு பையன் தொழில் பழகுவான். பிறகு அவன் தனியாகப் பட்டறை போடுவான். 2017ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பள்ளிக்கூடம் அரசு கொடுத்தது, பட்டறை அவர்கள் போட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனி எதுவும் வந்து அவர்களை வாழ வைக்கவில்லை.

நம்மிடம் என்ன நடக்கிறது? ஒரு சம்பவம் சொல்கிறேன். இதில் என் குற்றமும் இருக்கிறது.

நம் ஜமாஅத்துப் பையன் ஒருவன் ஐ.டி.ஐ. படித்தவன். ஒரு ஆலையில் ஏழு ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். தகடு அழுத்தும் அச்சுகளைப் பழுது பார்ப்பதில் அவன் கை தேர்ந்த கை. வேலை போனது. எட்டு லட்சம் ரூபாய் இருந்தால் பழைய லேத்தும் மில்லிங் மெஷினும் வாங்கிப் பட்டறை போடுவேன் என்றான். அவன் பழகிய சூப்பர்வைசர்கள் ஆர்டர் தரத் தயாராக இருந்தார்கள். அவனுடைய பெரியப்பாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். வசதியான மனிதர், நல்ல மனிதர், ஸதக்காவுக்குக் கை நீட்டினால் இல்லை என்று சொல்லாதவர். "மிஷின்ல போடறதா? நாளைக்கு வித்தா இரும்பு விலைதான் ஹஜ்ரத்" என்றார். அந்த மாதமே திருப்போரூர்ப் பக்கம் ஒரு மனை வாங்கினார். நான் என்ன செய்தேன்? பையனிடம், "மொபைல் கவர் கடை வை தம்பி, சின்ன முதல் போதும்" என்று யோசனை சொன்னேன். வைத்தான். பக்கத்தில் அதே மாதிரி ஆறு கடை. ஏழு ஆண்டு படித்த தொழில் அந்தக் கவர்களுக்குள் தொங்குகிறது. மனை இன்றும் முள் முளைத்துக் கிடக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு குத்துகிறது.

வட்டி ஹராம். அதில் சலுகை தேடி நான் இங்கே வரவில்லை. ஆனால் பாங்குக்குப் போகாதே என்று இளைஞனிடம் சொல்லும் சமுதாயம், போகவேண்டிய வேறு இடத்தைக் காட்ட வேண்டாமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இளமையில் யாருடைய முதலைக் கொண்டு வியாபாரம் செய்தார்கள்? அன்னை கதீஜா அவர்களின் முதல். ஒருவர் முதல், ஒருவர் உழைப்பு. அதுவே முளாரபா. மதரஸாவில் இந்தப் பாடத்தை வரிக்கு வரி ஓதினோம். லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரிப்பது, நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவனுக்கு உழைப்பு போகும் என்பதெல்லாம் மனப்பாடம். கடைவீதியில் அப்படி எத்தனை பேர் தொழில் நடத்துகிறோம்?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. முளாரபா என்ற பேரைக் கேட்டதும் பையைத் திறந்துவிடாதீர்கள். பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் ஹலால் முதலீடு என்று சொல்லி நம் மக்களிடம் பணம் திரட்டியது. 2019 ஜூனில் கவிழ்ந்தது. பல்லாயிரம் குடும்பங்கள், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், விதவைகளின் பணம். மாதாமாதம் லாபம் வந்தவரை எவரும் கணக்குக் கேட்கவில்லை. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடனை எழுதி வைப்பதைப் பற்றியது! அதை ஓதுகிற நாம் எழுத்தில்லாமல் கொடுக்கிறோம். முகம் தெரியாத கம்பெனிக்கு ஐந்து லட்சம் கொடுப்பவர், தன் தெருவில் வளர்ந்த பையனின் லேத்துக்குக் கொடுக்க மறுக்கிறார். லேத்தைப் போய்த் தொட்டுப் பார்க்கலாமே? மாதாமாதம் பில் புத்தகத்தைப் புரட்டலாமே?

இன்னொன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் முதல் மாமல்லபுரம் வரை எத்தனை ஓட்டல்கள், விடுதிகள்! படுக்கை விரிப்பு துவைப்பது, ஏ.சி. பழுது பார்ப்பது, நாற்காலி மேஜை செய்வது, பேக்கரி. இதெல்லாம் யார் கையில் இருக்கிறது? நம்மவர்கள் ஏன் இல்லை என்று கேட்டால், "அவங்க பில் கேக்கறாங்க, பணம் லேட்டாகும்" என்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் முறையிட மன்றம் இருக்கிறது. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. புரோக்கரிடம் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். ஆனால் இந்தப் பாதுகாப்பு பொருள் செய்பவருக்கும் சேவை செய்பவருக்கும்தான். வாங்கி விற்பவரையும் 2021ல் பதிவில் சேர்த்தார்கள், முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். சட்டமே சொல்கிறது பாருங்கள், கல்லாவில் உட்கார்ந்திருப்பவனைவிடப் பட்டறையில் நிற்பவனுக்குக் கை கொடுப்பேன் என்று.

இளைஞர்களே, உங்களுக்கு. மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் தன் செல்வத்தில் பாதியையே தர முன்வந்தார். அவர் துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார். நீங்கள் கேட்க வேண்டிய வழி தொழில் பழகுநர் பயிற்சி. 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை பழகுநர்களை எடுக்கவேண்டும் என்பது விதி. உதவித்தொகையும் உண்டு. தொகை குறைவு என்று முகம் சுளிக்காதீர்கள். துபாய்க்கு விசா வாங்கக் கொடுக்கும் பணத்தை நினைத்துப் பாருங்கள். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களே, அவர்கள் உங்கள் மகன்களைவிட நன்றாகப் படிக்கிறார்கள். தையலோ கணக்கோ கம்ப்யூட்டரோ, அவர்களையும் இந்தப் பட்டியலில் எழுதுங்கள்.

அரசிடம் நாம் கேட்கவேண்டியதும் உண்டு. பெரிய கம்பெனிக்கு ஏக்கர் கணக்கில் நிலம் தரும்போது, அதன் பக்கத்திலேயே பட்டறைக்காரனுக்கு ஐந்து சென்ட், பத்து சென்ட் கொட்டகையும் மின்சாரமும் வாடகைக்குக் கொடு. இந்தக் கோரிக்கையை மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்க நம் அமைப்பு தயார். ஆனால் மனுவில் பட்டறைக்காரர்களின் பெயர் வேண்டும். வெறும் கோஷத்தை எழுதிக் கொடுக்க முடியாது.

இஷா தொழுகை முடிந்ததும் மேல் மாடியில் உட்காருகிறோம். ஆலையில் தொழில் தெரிந்து வேலையில்லாமல் இருப்பவர்கள் ஒரு பக்கம், முதல் போட மனமுள்ளவர்கள் ஒரு பக்கம். ஒப்பந்தம் எழுதித் தர ஒரு வக்கீல் சகோதரரும், கணக்குப் பார்க்க ஒரு ஆடிட்டரும் வந்திருக்கிறார்கள். நான் சொன்ன பெரியப்பாவும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அவரை நான் பார்க்கவில்லை, அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பையனையும் கடையை மூடிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.