தோட்டத்துக் காகிதங்களும் அவற்றின் பெயர்களும்

சப்பிரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பலவற்றுக்கு இரு பெயர்கள் உண்டு. ஒன்று துரைமார் கணக்கேட்டில் எழுதிய பெயர். மற்றையது லயத்து மக்கள் வாய்க்கிசைய வழங்கிய தமிழ்ப் பெயர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியா சென்ற ஒருவர் நீலகிரியிலே தம் பேரனுக்குச் சொல்லிவைத்தது அந்த இரண்டாவது பெயரையே. பேரன் இன்று கணினியிலே அதனைத் தேடுகின்றான். ஏடு இருக்கின்றது, எனினும் அது முதற்பெயரின் கீழ் இருப்பதால் அவன் கைக்கு அகப்படுவதில்லை.

இக்குறையை நீக்குவது மீதரவு. ஆவணம் யாது, எவர் எழுதியது, எவ்விடத்தது, யார் பார்க்கலாம் என்று அதனைப் பற்றிக் கூறும் குறிப்பே மீதரவாகும். 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரிலே கூடிய அறிஞர் வகுக்கத் தொடங்கிய முறை, பின்னர் பதினைந்து கூறுகளாக அமைந்து உலகெங்கும் பரவிற்று. பொருள், இடம், உரிமை என்பன அவற்றுட் சில. இலங்கையிலே 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகமும் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் கொடுத்து, ஆசிரியர், மொழி, வெளியீட்டாண்டு முதலியவற்றைக் குறித்து வருகின்றது.

பெயர்ச் சிக்கல் தோட்டங்களோடு முடிவதன்று. இறக்குவானை என்பார் ஒருவர், ரக்வானை என்பார் மற்றொருவர். இறப்பர், றப்பர், ரப்பர் என மூவகையாக எழுதினால் கணினிக்கு அவை மூன்று பொருள்கள். அதற்கு ஊகம் கிடையாது. ஆதலால் ஒரு வடிவத்தைத் தலைப்பாகக் கொண்டு, ஏனையவற்றை அதனோடு இணைத்து, எதனைத் தேடினும் ஓரிடத்துக்கே வந்துசேருமாறு செய்தல் வேண்டும்.

மக்களைக் குறிக்கும் சொற்களிலோ இன்னும் கூடிய கவனம் தேவை. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு முதலாக அரசாங்கம் இந்தியத் தமிழர் என்றது. அம்மக்கள் தம்மை மலையகத் தமிழர் என்கின்றனர். பழைய கடிதங்களிலே கூலி என்னும் சொல் தாராளமாகக் கிடக்கும். ஆவணத்தின் தலைப்பிலே உள்ளதை அழித்தல் வரலாற்றைத் திருத்துவதாகும். அதனையே பொருட்டலைப்பாக எடுத்துக்கொள்ளுதல் பழைய இழிவைப் புதுப்பிப்பதாகும். தலைப்பு உள்ளபடி நிற்க, பொருட்டலைப்பு மக்கள் ஏற்ற பெயரிலே அமைவதுதான் முறை.

இனி உரிமை. இஃது இருவகைப்படும். முதலாவது பதிப்புரிமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியர் மறைந்தபின் எழுபது ஆண்டுகள் அதனைக் காக்கின்றது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தார். ஆகவே 2054 வரை அவர் எழுத்துக்களை வெளியிட உரியவர்களின் இசைவு வேண்டும்.

இரண்டாவது, காகிதத்திலே பெயர் உள்ள மனிதரின் உரிமை. செக்றோலிலே ஒருவர் பட்ட கடன் இருக்கும். மருத்துவப் பதிவிலே நோய் இருக்கும். 1949ஆம் ஆண்டின் இந்திய - பாக்கிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் இத்தனை ஆண்டு இந்நாட்டில் வாழ்ந்தோம் என்று காட்டவேண்டியிருந்தது. அக்காலத்திலே ஏட்டின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் கதியைத் தீர்மானிக்கக்கூடியதாயிருந்தது. முத்தையா ஓரேட்டில் முத்தையா என்றும் மற்றொன்றில் முத்து என்றும் இருப்பின், ஒருவரே இருவராகிவிடுவர். இத்தகைய காகிதங்களை எவரும் காணும்படி வைத்தல் தகாது. பூட்டிவைத்து இருப்பதையே மறைத்தலும் தகாது.

மீதரவு இதற்கு நடுவழி ஒன்றைத் தருகின்றது. தோட்டத்தின் பெயர், ஆண்டு, ஏட்டின் வகை ஆகியவை எல்லார்க்கும் தெரியும். உள்ளேயுள்ள பக்கங்கள் குடும்பத்தாருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் வேண்டுகோளின்மேல் திறக்கும். எந்த ஆண்டிலே முற்றாகத் திறக்கும் என்பதும் அக்குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். அனுமதி தந்தவர் யார், எந்நாளில் தந்தார் என்பதையும் சேர்த்து எழுதுவது அவசியம். 1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தத்தாலும் 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றதாலும் தோட்டங்கள் பலமுறை கைமாறின. அலுவலக அலுமாரியிலே எஞ்சிய ஏட்டுக்கு இன்று உரியவர் யார் என்று கேட்டால், விடை சொல்ல ஒருவர் அகப்படுவது அரிது.

படமெடுக்கும் கருவி இன்று மலிந்துவிட்டது. ஓர் இளைஞர் கைப்பேசியாலேயே நூறு பக்கங்களை ஒரு மாலையிற் பிடித்துவிடுவார். குறிப்பெழுதுதலோ மெல்லவே நடக்கும். எட்டியாந்தோட்டைப் பகுதியிலே ஒரு தோட்டத்தின் தமிழ்ப் பெயர் யாதென்று அறிய, அங்கே பால்வெட்டிய மூதாட்டி ஒருவரிடந்தான் சென்று கேட்கவேண்டும்.