மீனவரின் கல்லறைமேல்



கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் உரோமைக்குச் செல்லும் குடும்பங்கள், புனித பேதுரு சதுக்கத்தில் 1982 முதல் ஆண்டுதோறும் அமைக்கப்படும் குடிலைக் கண்டு மகிழ்கின்றன. விழாவுக்கு முந்திய இரவு அங்குள்ள வீடுகளில் இறைச்சி இல்லை, மீன்தான் விருந்து. எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் பேராலயமோ, வலை வீசிய ஒரு மீனவரின் கல்லறைமேல் நிற்கிறது.

நம் பழவேற்காடு ஏரிக்கும் குளிர்காலத்தில் பூநாரை பார்க்கவும், இறால், நண்டு சாப்பிடவும் குடும்பங்கள் வருகின்றன. விடியுமுன் தண்ணீரில் நின்றவரை யார் நினைக்கிறார்கள்?

உயிர்த்த ஆண்டவர் நினைத்தார். இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடர்களுக்குக் கரையில் நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தாமே பரிமாறினார். எனவே, எங்கும் சுற்றுலா போக வழியில்லாத மீனவர் வீட்டுப் பிள்ளையை, இவ்விழா நாளில் நம் பந்தியில் முதலில் அமர்த்துவோம். ஆமென்.