எழுத்து பத்து, ஓசை இரண்டு!

‘பிறமொழி கற்கப் பெரிதும் துணை நிற்பது கண்ணா, காதா?’ நான் காது கட்சி!

எதிரணித் தலைவர் சொன்னார்: “எழுத்தைப் பார்த்தாலே போதும், மொழி வந்துவிடும்”னு. ஐயா, உங்களை ஒரு பிரெஞ்சுப் புத்தகத்துக்கு முன்னால உட்கார வைக்கணும்! (சிரிப்பு)

நான் புதுச்சேரிக்காரன். எங்க ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனா தாத்தாவோட சைகோன்ல வாழ்ந்தவங்க, பிரெஞ்சு பேசுவாங்க. நான் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை வச்சுக்கிட்டு, ‘அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்’ என்பதற்கான வினைச்சொல்லைப் படிச்சேன். பத்து எழுத்து! கண்ணை நம்பி ‘மாங்கேயாயியெண்ட்’னேன். வெத்தலை இடிச்சுக்கிட்டிருந்த ஆயா சிரிச்சாங்க. “மான்-ஜே! ரெண்டே அசைடா. ‘மான்’ மட்டும் மூக்கால வரணும்.”

கடைசி ஐந்து எழுத்துக்கும் சேர்த்து ஓசை ஒரு ‘ஏ’தான். அதுக்கு முன்னால நிக்கிற ‘இ’ எழுத்து, ‘ஜ’வைக் ‘க’வாக மாறாமல் காக்கும் காவல்காரன், வாய் திறக்காது!

இன்னொரு சொல், ‘முடித்துக்கொண்டிருந்தார்கள்’. எழுத்து 11. அசை மூணு: ஃபி-நி-ஸே. நடுவில் நிற்கும் மெய்யொலி அடுத்த உயிரோடு ஒட்டிக்கொள்ளும், நம்ம உயிர்மெய் மாதிரி.

“கடைசி ‘இ-என்-டி’ ஊமைன்னு எழுதி வச்சுக்கலாமே” என்பார்கள் எதிரணியினர். முடியாதுங்க! ‘கன்னிமாடம்’ என்பதும், கோழிகள் ‘அடைகாக்கின்றன’ என்பதும் பிரெஞ்சில் அதே ஏழு எழுத்து. மாடம் ‘கூவான்’, கோழி அடைகாத்தால் ‘கூவ்’. கண்ணுக்கு ஒண்ணு, காதுக்கு ரெண்டு! (கைதட்டல்)

‘அவன் நேசித்தான்’, இ-லெ-மே. ‘அவர்கள் நேசித்தார்கள்’, இல்-ஸெ-மே. தனியா நின்னா ஊமையாயிருக்கும் ‘எஸ்’, பின்னால் உயிர் வந்ததும் வண்டு மாதிரி ரீங்கரிக்குது. ஒருமைக்கும் பன்மைக்கும் காது கேட்கும் வித்தியாசம் அந்த ஒரு ரீங்காரம்தான்!

கடைசிக் காலத்துல ஆயாவுக்குப் பார்வை போயிடுச்சு. பக்கத்துல உட்கார்ந்து வாசிப்பேன். ஒரு அசை பிசகினாலும் என் கையைத் தட்டுவாங்க. கண் போச்சு நடுவர் அவர்களே, மொழி போகலை! அதைக் காத்தது எது? காதே, காதே எனத் தீர்ப்பு வழங்கக் கேட்டு அமர்கிறேன்.