மலையும் கடைத்தெருவும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இத்தலைப்பை நானே கேட்டுப் பெற்றேன். நான் மளிகைக் கடையில் வளர்ந்தவன். யாப்பை அறியும் முன்னே தராசை அறிந்தவன்.

நம் போளூருக்கு மேற்கே நிற்பது ஜவ்வாது மலை. அங்கிருந்து இறங்கி வருவோர் மலையாளிகள். பெயர் கேட்டுக் கேரளத்தார் என மயங்க வேண்டா. அவர்கள் தமிழ் பேசும் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. சாமை, புளி, தேன், பலா, கடுக்காய் முதலியன மலையிலிருந்து இறங்கும். உப்பும் துணியும் இரும்புக் கருவியும் மலைக்கு ஏறும். தமிழும் தெலுங்கும் உருதும் ஒலிக்கும் நம் கடைத்தெரு, இந்தப் போக்குவரவாலும் வாழ்ந்தது.

இவ்வணிகம் இலக்கியத்திற்குப் புதிதன்று. தேனும் கிழங்கும் கொடுத்து மீன்நெய்யும் நறவும் பெறுவோரைப் பொருநராற்றுப்படை காட்டுகிறது. நம் பக்கத்து நவிரமலையையும் சேயாற்றையும் பாடும் மலைபடுகடாமோ, முன்பின் அறியாக் கூத்தரையும் உறவினர்போல் வரவேற்று உணவளிக்கும் மலைமக்களைப் போற்றுகிறது. அம்மக்கள் நம் ஊருக்கு வந்தபோது நாம் எவ்வாறு வரவேற்றோம்?

அவையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். புளிமூட்டையுடன் படியேறிய முதியவர் ஒருவரை, "ஏ மலையாளி, இப்படி வா" என்றழைத்தேன். என் பாட்டனார் வயதுடைய அவர், "வரேன் சாமி" என்றார். அவருக்குப் பின்னால் வந்த ஊர்க்காரரை, "வாங்கண்ணே, உட்காருங்க" என்றேன். எவரும் என்னைக் கண்டிக்கவில்லை. அன்று எடைக்கல் சரியாகத்தான் இருந்தது. குறைந்தது என் சொல்.

எல்லாக் கடைகளிலும் எடைக்கல்லும் சரியாயிருந்ததெனச் சொல்ல மாட்டேன். பூக்கும் முன்பே முன்பணம் கொடுத்துக் காய்க்கும்போது விலையைத் தாமே சொல்வோரும் இருந்தனர். பழங்குடியினருக்கெனப் பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியதும், சிறுவனப் பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றதும் இந்நிலையை மாற்றும் பொருட்டே. உலகம் 2023ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஏழையின் கஞ்சியென நாம் ஒதுக்கிய சாமை இன்று நகரத்துக் கடைகளில் அழகிய உறையில் அமர்ந்திருக்கிறது. விளைவித்தவரும் அவ்வாறு அமர்த்தப்பட வேண்டாமா?

விளைபொருளுக்கு விலையும் கைக்கு வேலையும் இல்லையேல் என்னாகும்? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழர் இருபதின்மரில் நம் மாவட்டத்தாரும் பலர். கூலிக்காகச் செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்றனர். அச்செய்தியைப் படித்த நாளில் அந்த முதியவரின் முகம் என் முன் வந்து நின்றது.

கவிஞர்களே, விலையை நிர்ணயிக்கும் ஆற்றல் நமக்கில்லை. விளிக்கும் சொல்லை மாற்றும் ஆற்றல் உண்டு. மலைமக்களின் பாட்டும் விதைப்பெயரும் அளவைச் சொல்லும் அவர்கள் வாயிலாகவே இவ்வட்டத்தின் ஏடுகளில் ஏறட்டும். பதினோராம் ஆண்டு விழாவில் அவர்களுள் ஒருவர் இம்மேடையில் பேசட்டும். அன்று அவரை, "வாங்கய்யா" என்று வாயிலில் நின்று வரவேற்கும் பணியை எனக்கே தாருங்கள். நெடுநாள் கடன் அது.