காட்டாங்குளத்தூருக்கு எத்தனை எழுத்து?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வெப் டெவலப்பர்னா என்ன வேலை, அதைச் சொல்லுங்க" என்றார்கள் விழாக் குழுவினர். ஆபீஸ் வேலையைச் சொன்னால் தூங்கிவிடுவீர்கள். மதியச் சாப்பாடு வேறு பலம். அதனால் சம்பளமில்லாமல் வீட்டில் செய்யும் சில்லறை வேலை ஒன்றைச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை மின்சார ரயில் நேரங்களைச் செல்போனில் பெரிய எழுத்தில் காட்டும் ஒரு பக்கம் அவருக்காகச் செய்தேன். ஒரே ஒரு வாடிக்கையாளர். ஆனால் படு கறார். கண்ணாடி இல்லாமல் படிக்கணும், பிளாட்பார வெயிலில் தெரியணும், விளம்பரம் கூடவே கூடாது. எந்தக் கம்பெனியும் எனக்கு இவ்வளவு தெளிவாக வேலை சொன்னதில்லை.

பட்டியல் போட ஓர் ஆயத்த மென்பொருளை எடுத்தேன். அதில் ஒரு பெயருக்கு 12 இடம். தாம்பரம் முழுசாக வந்தது. நம்ம ஊரோ 'காட்டாங்குளத' என்று பாதியில் நின்றது. "இது எந்த ஊருடா?" என்றார் அம்மா.

விரல் விட்டு எண்ணுங்கள்: கா, ட், டா, ங், கு, ள, த், தூ, ர். ஒன்பது எழுத்து. 12 இடத்தில் தாராளமாக உட்காரணும். கம்ப்யூட்டர் எண்ணினால் பதினேழு!

1991இல் வந்த யூனிகோடு முதல் பதிப்பில் தமிழுக்கு ஒதுக்கியது 128 இடம். நமக்கோ 247 எழுத்து. ஆகவே 'கா' என்பது அதற்குக் 'க' ஒன்று, கால் ஒன்று. 'ட்' என்பது 'ட' ஒன்று, புள்ளி ஒன்று. எஸ்.எம்.எஸ்.சிலும் இதே கதைதான். ஆங்கிலத்துக்கு ஒரு செய்தியில் 160 இடம், தமிழுக்கு 70. அதில் நம் ஊர்ப் பெயரே 17 இடத்தைத் தின்றுவிடும். மருந்துச் சீட்டில், ரேஷன் பட்டியலில் ஒருவர் பெயர் இப்படி நறுக்கப்பட்டால் சிரித்துவிட்டுப் போக முடியுமா?

கால், கொம்பு, புள்ளி எது வந்தாலும் முன்னெழுத்தோடு ஒட்டி ஒன்றாக எண்ணு என்று சில வரி எழுதினேன். ஊர் முழுசானது. பைத்தானில் எழுதுகிற மாணவர்களுக்கு 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவச நிரல் தொகுப்பு இதையே செய்து தருகிறது.

இந்த மாதிரி வேலையெல்லாம் பெரும்பாலும் தனி ஆட்கள் தொடங்கியதுதான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துரு செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை உட்கார்ந்து தட்டச்சிட்டார்கள். யாருக்கும் காலணா கூலி கிடையாது.

அம்மாவின் அடுத்த கோரிக்கை வந்துவிட்டது: லேடீஸ் பெட்டி எந்தத் தூணுக்கு எதிரே நிற்கும்? அதையும் போடணுமாம். பொத்தேரியில் தினமும் இறங்குகிற தங்கைகள் யாராவது ஒரு வாரம் பார்த்துக் குறித்துக் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன். சாப்பாடு அம்மா கையால்.